ஒரே டிராக்கில் இரண்டு பேர்

முத்தாரம்பேட்டையிலும் மழை பெய்யும், வெயில் கொளுத்தும், பஸ் நேரத்துக்கு வராது, மற்ற ஊர்களைப் போலத்தான் எல்லாம்; ஆனால் தொண்டையில் இருக்கிற குரலைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குகிற வசதி ஒரு காலத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் இருந்தது, அதுவும் என் தையல் கடைக்கு நேர் மேலே, மாடியில், சந்தனமாரியும் லூர்தும் வாடகைக்கு எடுத்திருந்த அந்த ஒற்றை அறையில் இருந்தது. மாடிப்படி ஓரத்தில் ஒரு சிவப்பு பல்பு தொங்கும். அது எரிந்தால் மேலே ரெக்கார்டிங் ஓடுகிறது என்று அர்த்தம். நானும் என்னிடம் வேலை பார்க்கிற பெண்களும் தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அது அணைகிறவரை ஊர்க்கதைகூடப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் வந்தாலும் வாயில் விரலை வைத்து நிற்க வைத்துவிடுவோம், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

சந்தனமாரி பாடினால், அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் பொங்கல் பானைக்குத் தீ தள்ளுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பெட்டியோடு திரும்பி வந்தவள், ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, பாடக் கூடாதுன்னு சொன்னாங்க, வந்துட்டேன் என்று ஒரே வரியில் பதில் சொன்னவள். லூர்தம்மாளுக்கு வாய்த்தது கனத்த குரல். டூயட் பாட்டில் ஆண் பகுதியை அவள்தான் பாடுவாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீசை தெரியும் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அம்மன் கொடைக்கும் மாதா கோவில் சப்பரத்துக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள், ஒரே வீட்டில் ஒரே சட்டியில் ஆக்கித் தின்றார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி குடிப்பாள். இத்தனை ஒட்டு உடம்புக்கு ஆகாது என்று நான்கூட ஒரு தடவை சொல்லிவைத்தேன், பொறாமையில் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊரூராகப் போய்ப் பாடுகிறவர்களுக்குக் காசு ஊரோடு முடிந்துவிடும், கேசட் போட்டால்தான் பெயர் நிற்கும் என்று யாரோ சொல்ல, சென்னையில் பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறுகிறார்கள், பழைய டேப் மெஷின்களைக் கொள்ளை மலிவாகத் தள்ளுகிறார்கள் என்று இன்னொருவர் சொல்ல, மாரி தன் வளையலையும் லூர்து தன் சங்கிலியையும் கழற்றினார்கள். பேரம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு கோடம்பாக்கம் போனார்கள்.

அந்த ஸ்டூடியோவில் பாதி சாமான்கள் போய்விட்டிருந்தன. நடுவில் நின்றது மெஷின். எட்டு டிராக். கல்யாண வீட்டு பீரோவைக் குப்புறப் போட்டது மாதிரி அகலம், மேலே தோசைக்கல் அளவில் இரண்டு சக்கரம், எட்டு மீட்டர், எட்டு முள். எட்டு பேர் எட்டு நேரத்தில் தனித்தனியாகப் பாடலாம், ஒருத்தர் பாடினதை அழித்தாலும் மற்ற ஏழு பேர் பாடினது அப்படியே இருக்கும், அதுதான் அதன் பெருமை. டேப் உரசுகிற தலையை நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் வாங்காதீர்கள் என்று எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார். தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. மெஷினின் சொந்தக்காரர் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் வந்ததிலிருந்து போகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினதெல்லாம் அவருடைய மச்சான்.

ஒரு சுவிட்சின் மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரி.

"அது ஒண்ணுமில்லம்மா. ரெண்டு டிராக்க ஒரே டிராக்ல சேக்கறதுக்கு. இடம் பத்தலன்னா சேப்பாங்க. அத மட்டும் தொட வேணாம்னு மாமா சொல்றாரு," என்றார் மச்சான்.

"மாமா எங்க சொன்னாரு? வாயே தொறக்கலியே," என்றேன் நான்.

மச்சான் சிரித்து மழுப்பினார். சொந்தக்காரர் எழுந்து வந்து மாரியையும் லூர்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மெஷின், பிரிய மனசில்லை போல என்று எங்கள் மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. இரக்கப்பட்டதில் பேரத்தைக் கோட்டைவிட்டேன்.

வெங்காய லாரியில் வந்து இறங்கிய மெஷினை ஆறு ஆள் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். வாங்கின நேரம் நல்ல நேரம்தான். முதல் பாட்டாக மாரி அம்மன் தாலாட்டு ஒன்றைப் பாடினாள், நான் கீழே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன், எனக்கு மயிர் சிலிர்த்தது. பாடி முடித்து, எப்படி இருந்தது என்று கேட்க வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. லூர்து சுக்குக் கஷாயம் போட்டாள். அடுத்து லூர்து தன் பகுதியைப் பாடினாள், அவள் குரலும் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கஷாயத்தை ஆளுக்குப் பாதி குடித்தார்கள். மாரிக்கு ஒரு சங்கதி திருப்தியாக இல்லை, மறுபடி பாடலாம் என்று தன் டிராக்கை அழித்தாள். அழிந்த மாத்திரத்தில் குரல் தொண்டைக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஓகோ, இது இப்படித்தான் போல என்று புரிந்துகொண்டார்கள். மற்ற மெஷின்கள் குரலின் நகலைத்தான் எடுக்கும், இது குரலையே எடுத்து வைத்துக்கொள்கிறது. பாடுவார்கள், கேசட்டுக்கு ஏற்றிக்கொள்வார்கள், பிறகு அழித்துவிட்டுக் குரலைத் தொண்டையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வருவார்கள். குரலே உள்ளே இருந்ததால் அந்தக் கேசட்டுகளில் அப்படி ஓர் உயிர் இருந்தது. சுற்றுவட்டாரத்து மினிபஸ் எல்லாவற்றிலும் சந்தனமாரிதான் ஓடினாள். கேசட் அட்டையில் அவள் படம் இருந்தது. லூர்தின் பெயர் கீழே, சின்ன எழுத்தில், பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களோடு இருந்தது.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் ஊர் என்ன செய்தது? எங்கள் ஊர் எதற்கும் ஆச்சரியப்படுகிற ஊர் இல்லை, எது வந்தாலும் அதில் நமக்கு என்ன உபயோகம் என்று கேட்கிற ஊர். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை முழுப் பரீட்சை லீவு விட்டதும் வந்து குரலை ஒரு டிராக்கில் வைத்துவிட்டுப் போனார், வருஷம் முழுக்கக் கத்தினது போதும் என்று. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கு மாதா கோவில் தெருக்காரர்கள் குரலை வைத்தார்கள், மாலை போட்ட பக்தர்கள் விரதத்துக்கு வைத்தார்கள், உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு கட்சி வேட்பாளர்களையும் ஊரே பிடித்து இழுத்து வந்து குரலை வைக்கச் சொன்னது, அப்படி ஒரு அமைதியான தேர்தல் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. அரிசிக்கடைக்காரர் தன் குரலைத் திரும்ப எடுக்க நேரமில்லாமல் சம்சாரத்தை அனுப்பினார். மெஷின் முன்னால் யார் நிற்கிறார்களோ அவர்கள் தொண்டைக்குத்தான் குரல் போகும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் தன் குரலோடு புருஷன் குரலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் சில நாள் சண்டையே இல்லை, அவர் சொல்ல வேண்டியதையும் அவளே சொல்லி அதற்குப் பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு மனமிரங்கி வந்து அவர் குரலை மட்டும் மறுபடி உள்ளே விட்டு, அவரை நிற்க வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அவரவர் குரலுக்கு அவரவர்தான் வந்து நிற்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு ஆனது. எட்டு டிராக், எட்டு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடி என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

அப்படி இருக்கும்போதுதான் மாரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திருநெல்வேலி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வீக்கம், ஒரு மாசம் பேசவே கூடாது, மீறினால் குரல் போய்விடும் என்றார். பேசாமல் இருக்கச் சொன்னால் மாரியால் முடியுமா? மெஷினில் வைத்துவிடலாம், பத்திரமாக இருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ஆனால் அது தபசு காலம், எட்டு டிராக்கில் ஏழு நிறைந்து ஒன்றுதான் மீதி இருந்தது. லூர்தும் தபசுக்குக் குரலை வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

"என் டிராக்ல நீயும் வந்துரு லூர்து. ஒரே வீட்டுலதான இருக்கோம், அங்ஙனயும் ஒரே வீட்டுல இருந்துக்குவோம்," என்றாள் மாரி.

"சேத்தா பிரிக்க முடியாதுன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லுதாரே, ட்டீ. பால்ல தண்ணி ஊத்துன மாதிரியாம்."

"எடுக்கும்போது ரெண்டு பேரும் கையப் பிடிச்சிக்கிட்டு ஒண்ணா நிப்போம். அதது அததுக்குள்ள வந்துரும். நம்ம குரலுக்கு நம்மளத் தெரியாதா?"

நான் அப்போது மாடிக்கு டீ கொண்டுபோயிருந்தேன். லூர்து நகத்தால் அந்தப் பிளாஸ்திரியைக் கிள்ளி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். பிளாஸ்திரிக்குக் கீழே சுவிட்சு புத்தம் புதுசாக மின்னியது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அந்த நேரத்தில் குறுக்கே பேசுகிறவள் நல்லவளாக இருக்க முடியாது.

ஈஸ்டர் அன்று காலையில் எடுப்பதாகப் பேச்சு. மாரி தலைக்குக் குளித்து, பச்சைப் பட்டுடுத்தி, லூர்துக்கும் சேர்த்து மல்லிகைப்பூ கட்டி எடுத்துக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் லூர்தைக் காணவில்லை, பூசைக்குப் போய்விட்டு நேராக ஸ்டூடியோவுக்கு வருவாள் என்று நினைத்திருக்கிறாள். பூசை முடிந்ததும் போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு பிள்ளையின் கவுனை நான் அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தேன், படியோரத்து சிவப்பு பல்பு எரிந்தது. காலை எடுத்தேன். பல்பு அணைந்தது. படியில் யாரோ இறங்குகிற சத்தம், தெருமுனையில் பஸ் ஹாரன். கொஞ்ச நேரத்தில் மாரி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, மேலே ஏறிப் போனாள். போனவள் இறங்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, டேப்பின் அவிழ்ந்த நுனி ஒவ்வொரு சுற்றிலும் தட் தட் என்று அடித்துக்கொண்டிருந்தது, அவள் இரண்டு முழம் பூவோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். அழுகைக்குக்கூடக் குரல் வேண்டியிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையும் ஊர் ஜீரணித்தது. எங்கள் ஊருக்கு வயிறு பெரிசு. முதலில் திட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். பிறகு வாய்க்கு வாய், காதுக்குக் காது, கதை மெல்ல மாறியது. சேர்ந்த குரலைப் பிரிக்க முடியாதே, யார் நின்றாலும் இரண்டும் ஒருத்திக்குத்தானே போயிருக்கும்? லூர்து ஏதோ ஆசையில் முந்தி நின்று பார்த்திருப்பாள், இரண்டும் அவளுக்குள் போய்விட்டது, எந்த முகத்தோடு இவளைப் பார்ப்பாள், அந்த வெட்கத்தில்தான் ஓடியிருப்பாள், பாவம். பாவம் என்ற அந்த வார்த்தை எங்கிருந்து முளைத்தது என்று தெரியவில்லை, முளைத்தது. என் கடைக்கு வந்து உட்கார்ந்து ஹூக் தைக்கவும் அடி மடிக்கவும் ஆரம்பித்த சந்தனமாரிகூட, அந்தக் கதை காதில் விழுந்தபோது தலையை ஆட்டினாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது. சிநேகிதி திருடினாள் என்று நம்புவதைவிட மெஷின் அப்படிச் செய்துவிட்டது என்று நம்புவது சுலபம், ராத்திரி தூங்கலாம்.

லூர்து தூரத்து ஊர்களில் பேர் எடுத்தாள். ஒரே ஆள், வாயைத் திறந்தால் இரண்டு குரல், கனத்ததும் மெல்லியதும் ஒன்றின் மேல் ஒன்றாக. இந்தமாதிரி அதிசயம் கண்டதில்லை என்று போஸ்டர் ஒட்டினார்கள். கேசட் அட்டை முழுக்க இப்போது அவள் படம். அவளுடைய கேசட் எங்கள் ஊர் மினிபஸ்ஸிலும் ஓடியது. பஸ் கடையைத் தாண்டிப் போகும்போது மாரி மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அந்தச் சத்தம் மறைகிறவரை துணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தன் குரல் எப்படி இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பார்க்கிற தாய் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்தடுத்த கொடைகள் கச்சேரி இல்லாமல் கழிந்தன. பிறகு ஒரு வருஷம் கொடைக் கமிட்டிக்காரர்கள் கூடி, கச்சேரிக்கு லூர்தையே கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். மாரியிடம் கேட்கவில்லை. கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது என்பதால் கேட்கவில்லை என்று கமிட்டித் தலைவர் வேலாண்டி என்னிடம் விளக்கம் சொன்னார். நான் அவருடைய சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே கையை ஓரங்குலம் சின்னதாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கொடை நாள் மத்தியானம் ஒரு வெள்ளைக் கார் என் கடை வாசலில் வந்து நின்றது. லூர்து இறங்கினாள். உடம்பு போட்டிருந்தாள், கழுத்து நிறைய நகை இருந்தது. தெரு நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. நேராக மாரியிடம் வந்து, தரையில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"மாரி," என்றாள். இரண்டு குரலும் சேர்ந்து வந்தது. "என்ன மன்னிச்சிரு ட்டீ. நான் சும்மா ஒரு தரம் நின்னு பாக்கணும்னுதான் நின்னேன். உன் குரலு என் தொண்டையில எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தரம். அம்புட்டு வருசமா மீசைக்காரின்னு கேலி கேட்டுக் கேட்டு... ஒரு பாட்டாவது பொம்பளையாப் பாடிட்டு உங்கிட்டயே தந்துருவோம்னுதான் நெனச்சேன். ரெண்டும் ஒட்டிக்கிட்டு. பிரிக்க முடியலன்னா நான் என்ன செய்வேன் சொல்லு."

எனக்கு லூர்து பேசுவது கேட்கவில்லை. மாரியின் குரல் மாரியிடமே மன்னிப்புக் கேட்பதுதான் கேட்டது. யாருக்குத்தான் தாங்கும்? சொந்தக் குரலே வந்து காலடியில் உட்கார்ந்து கெஞ்சும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? மாரி கேட்டுக்கொண்டே இருந்தாள், கண்ணீர் தாரைதாரையாக இறங்கியது, லூர்தின் தலையில் கை வைத்தாள்.

"இப்பவே மேல போயி ரெண்டையும் மெஷின்ல விட்டுருதேன். நீ மட்டும் தனியா நின்னு எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஊமையா இருந்துட்டுப் போறேன்," என்றாள் லூர்து.

தெருவில் பாதிப் பேர் அழுதார்கள். வேலாண்டி மட்டும், அப்போ சாயங்காலம் கச்சேரி என்று இழுத்தார், யாரோ அவர் வாயைப் பொத்தினார்கள்.

லூர்து மேலே போனாள். சிவப்பு பல்பு எரிந்தது. நாங்கள் எல்லோரும் காலை எடுத்தோம். பல்பு அணைந்தது. லூர்து இறங்கி வந்து தொண்டையைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்டினாள். கண்ணில் நீர் நின்றது. நானும் அவளை நம்பினேன், எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மாரி மேலே போனாள், தனியாக. பல்பு எரிந்தது, அணைந்தது. இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள். வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த வாயைத் திறந்து, முதல் வார்த்தையாக, சிநேகிதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"லூர்து."

கனத்த குரல். லூர்தின் பழைய குரல், மீசைக் குரல், அது மட்டும். பக்கத்தில் இன்னொன்று இல்லை. தன் குரலே தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் திரும்பத்தான் செய்வார்கள். லூர்து என் கைக்குள்ளிருந்து சட்டென்று திரும்பி, "என்னட்டி?" என்றாள்.

மாரியின் குரலில் சொன்னாள். தண்ணீர் கலக்காத பால். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

என் கை தானாக விலகியது. பிரிக்க முடியும், அரிசிக்கடை அம்மாள் புருஷன் குரலை மட்டும் உள்ளே விட்ட மாதிரி. எப்போதும் பிரிக்க முடிந்திருக்கிறது. அவளுக்கு வேண்டாததை மட்டும் தனியாகப் பிரித்து உள்ளே விட்டுவிட்டு, வேண்டியதைத் தொண்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஊமை நடிப்பு நடிக்க முடிந்திருக்கிறது. பாவம் பாவம் என்று நாங்கள் கட்டி வைத்திருந்த கதை முழுக்க ஒரே வார்த்தையில் சரிந்தது, அதைவிட அந்தக் கதையில் தலை சாய்த்துத் தூங்கின மாரியின் ராத்திரிகள் எல்லாம் சரிந்தன. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஈஸ்டர் அன்றைக்குப் போனது குரல்தான். இன்றைக்கு அவளுக்கு எல்லாம் போனது.

லூர்து காருக்கு ஓடினாள். தெருவே எழுந்து அவளைப் பிடித்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கமிட்டிக்காரர்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். "கொடை முடியட்டும், உக்காந்து பேசிக்கிடலாம். அட்வான்ஸ் குடுத்தாச்சி, வெளியூர்லேருந்து சனம் வந்தாச்சி. அம்மன் காரியம் நிக்கப்பிடாதுல்லா," என்றார் வேலாண்டி. அம்மன் பெயரைச் சொன்னதும் தெரு வழிவிட்டு ஒதுங்கியது. எங்கள் ஊர் அன்றைக்கு என்னவாக இருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

பொழுது சாய்ந்ததும் கச்சேரி தொடங்கியது. வெட்கம் என்ன ஆனது என்று தெரியவில்லை, கூட்டம் அலைமோதியது. லூர்து மேடையேறி அம்மன் தாலாட்டைத்தான் எடுத்தாள், மெஷின் வந்த அன்று மாரி முதலில் பாடின அதே தாலாட்டு. தப்புச் சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். பொங்கல் பானைக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இரண்டாவதாக ஒரு டூயட். ஆண் பகுதி வர வேண்டிய இடத்தில் வாத்தியங்கள் மட்டும் ஓடின, அவளிடம் இப்போது அந்தக் குரல் இல்லை. அந்த இடைவெளியில் சந்தனமாரி மேடையில் ஏறி, சும்மா நின்ற இன்னொரு மைக்கைக் கையில் எடுத்தாள். பாடப் போகிறாள், பழைய ஜோடி சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஜனம் விசில் அடித்தது.

"நான் லூர்தம்மா பேசுதேன்," என்றாள்.

அந்தக் குரலை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. விசில் அடங்கியது.

"என் கூடப் பொறக்காத பொறப்பு சந்தனமாரி. என்ன நம்பி அவ குரல என் குரலோட சேத்து வச்சா. கையப் பிடிச்சிக்கிட்டு ஒண்ணா எடுப்போம்னா. நான் வெள்ளனே எந்திரிச்சி, அவ பூக் கட்டிக்கிட்டு இருந்த நேரத்துல, தனியாப் போயி எடுத்துக்கிட்டேன். பிரிக்க முடியாதுன்னு பொய் சொன்னேன். இன்னைக்கி அவ கால்ல உக்காந்து மறுபடியும் பொய் சொன்னேன். எல்லாருக்கும் தெரியட்டும். சொன்னது நான்தான், என் வாயாலதான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு மைக்கை மெதுவாகக் கீழே வைத்தாள், பாடகிகள் வைப்பதுபோல, சத்தம் வராமல். பக்கத்தில் லூர்து விம்மி விம்மி அழத் தொடங்கினாள். அவள் மைக் திறந்தே இருந்தது. ஆகவே ஊர் கேட்டது இதுதான்: லூர்தின் குரல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, சந்தனமாரியின் குரல் ஒலிபெருக்கி வழியாக அழுதது. இத்தனை வருஷம் வர மாட்டேன் என்றிருந்த அந்த அழுகை, கடைசியில் வந்தபோது மாரியின் வாயிலிருந்து வரவில்லை. பிறகு வெளியூர்க்காரர்கள் பக்கம் யாரோ கைதட்ட, நாடகம் நல்ல நாடகம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் தட்டினார்கள்.

லூர்து அன்றைக்குப் போனவள் இந்தப் பக்கம் வரவில்லை. குரலை யாரும் பிடுங்க முடியாது, அவளாக வந்து மெஷினில் பாடினால்தான் உண்டு, அவள் வரமாட்டாள். இப்போதும் எங்கெங்கோ பாடுகிறாள், சந்தனமாரி குரலில், ஆண் பகுதிக்கு ஆள் வைத்திருக்கிறாளாம்.

மெஷினை வாங்க மதுரைப் பக்கமிருந்து இரண்டு சிநேகிதர்கள் வந்தார்கள். மாரி ஒரு பிளாஸ்திரி வாங்கி அந்தச் சுவிட்சின் மேல் ஒட்டி வைத்திருந்தாள். கோடம்பாக்கத்துக்காரருக்கு இல்லாத வசதி இவளுக்கு இருந்தது, வாய்விட்டே சொன்னாள்: "ஒரே ஆளு வாங்குறதா இருந்தா வாங்குங்க. ரெண்டு பேருன்னா வேண்டாம்." ஒரு பெண்ணின் வாயிலிருந்து அந்தக் குரல் வந்ததைக் கேட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டே மெஷினை லாரியில் ஏற்றிப் போனார்கள்.

அவள் என் கடையில்தான் இருக்கிறாள். அளவு எடுக்கும்போது அந்தக் கனத்த குரலில் மார்பு, இடுப்பு, கை என்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். அந்தக் குரலில் அவள் பாடி நான் கேட்டதில்லை. ஒரு நாள் தீபாவளி அவசரம், துணி மலையாகக் கிடக்கிறது, அந்த மினிபஸ் லூர்தின் புதுக் கேசட்டை அலறவிட்டபடி தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. நான் ஆத்திரத்தில் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தேன், அந்தப் பாட்டு எங்கள் காதில் விழக் கூடாது என்று. மாரி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். எரியாத அந்தச் சிவப்பு பல்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, பஸ் பக்கம் காதைச் சாய்த்து, திருடியின் குரலில், தணிவாகச் சொன்னாள்:

"கால எடுங்கக்கா. நான் பாடுதேம்லா."